இரண்டு தடவை வெட்டிய சுவர்

மகனே,

'நாங்கள் இங்கே நலம்' என்று எழுதத்தான் பேனா முதலில் ஓடியது. பழக்க தோஷம். முப்பது வருடம் அங்கன்வாடியில் பதிவேடு எழுதிய கை இது. மேலிருந்து யார் வந்து கேட்டாலும் எல்லாம் சரியாக இருக்கிறது என்றே எழுதிப் பழகிவிட்டது. இந்தக் கடிதத்தில் அப்படி எழுதப் போவதில்லை. நாங்கள் நலமாக இல்லை. உன் அப்பா இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்து இருபது நாளாகிறது. கூடத்தில் கட்டிலைப் போட்டுப் படுக்க வைத்திருக்கிறேன். வாக்கரைப் பிடித்துக்கொண்டு பத்தடி நடக்கிறார். பின்பக்கத்துக் கழிவறைக்கு அவரால் போக முடியாது. அதனால்தான் உன் அறையில் பாதியைத் தடுத்து, சுவரை உடைத்து, அங்கே ஒரு கழிவறை கட்டப் போகிறேன் என்று இன்று காலை போனில் உன்னிடம் சொன்னேன்.

அதற்கு நீ கேட்ட கேள்வி இன்னும் காதிலேயே நிற்கிறது. "அந்த ரூம்ல நெட் வயரிங்குக்கு எவ்ளோ செலவு பண்ணோம்னு தெரியுமாம்மா?" என்றாய். எட்டு கேபிளும் வந்து சேரும் பெட்டி அந்தச் சுவரில்தான் இருக்கிறது, அதை உடைத்தால் எல்லாம் வீண் என்றாய். ஒயரிங் செய்த வீடு என்றால் ஐ.டி. ஆட்கள் நல்ல வாடகைக்கு வருவார்கள், நானும் அப்பாவும் மாடி அறையில் இருந்துகொள்ளலாம் என்றாய். அப்பாவுக்குப் பெட்பேன் வைத்துக்கொள், ஓர் ஆளைப் போட்டுக்கொள்ளலாம் என்றும் சொன்னாய். நான் பதில் சொல்லாமல் போனை வைத்தேன். கோபத்தில் பேசினால் வார்த்தை தடித்துவிடும். சாயங்காலம் உட்கார்ந்து நிதானமாக எழுதுகிறேன். எவ்வளவு செலவு என்று கேட்டாய் அல்லவா, அதற்குத்தான் இந்தப் பதில். மீட்டிங் ஏதாவது இருந்தால் முடித்துக்கொண்டு வந்து படி.

இந்த வீட்டைக் கட்டும்போது நீ இரண்டாம் வகுப்பு. காஞ்சிபுரத்து ஓரத்தில், இந்தச் செவிலிமேட்டில் அப்போது நம்மைச் சுற்றி முள்ளுக்காடுதான். கூரம் கிராமத்துப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போன குடும்பத்தில் முதன்முதலாகத் தளம் போட்ட வீடு கட்டியவர் உன் அப்பா. எலக்ட்ரீஷியன் வீடு என்பதால் ஒயரிங் முழுக்க அவர் கையாலேயே செய்தார். கழிவறை மட்டும் வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம் என்றார். "சோறு ஆக்குற எடத்துக்குப் பக்கத்துலயா?" என்று முகத்தைச் சுளித்தார். பின்பக்கம் நான்கு படி கீழே இறங்கி, சுற்றுச்சுவரை ஒட்டிக் கட்டினார். நானும் சரி என்றேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து விடிவதற்கு முன்னால் கருவேலம் புதருக்குப் போய்க்கொண்டிருந்தவள் நான். கதவும் தாழ்ப்பாளும் உள்ள ஒன்று கிடைத்ததே பெரிய வாழ்வாகத் தெரிந்தது. முட்டி தேய்ந்தால் அந்த நான்கு படி நாற்பது படியாகும் என்று முப்பத்தைந்து வயதில் யாருக்குத் தெரியும்? அறுபதில் தெரிந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது கிடைத்த தொகையைத் தொடாமல் வைத்திருந்தேன். புடவை வேண்டாம், வளையல் வேண்டாம், வீட்டுக்குள்ளேயே படி இறங்காமல் போய்வர ஒரு கழிவறையும், பிடித்துக்கொண்டு எழுந்திருக்கச் சுவரில் ஒரு கைப்பிடியும் போதும் என்று உன் அப்பாவிடம் சொன்னேன். இந்த முறை அவரும் முகத்தைச் சுளிக்கவில்லை.

தை மாதம் கொத்தனாரிடம் பேசி நாளும் குறித்துவிட்டோம். அந்த வாரம்தான் நீ போன் செய்தாய். இனிமேல் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள், சென்னையில் வாடகை கொடுத்து எதற்கு இருக்க வேண்டும், நானும் என் மனைவியும் காஞ்சிபுரத்துக்கே வந்துவிடுகிறோம் என்றாய். "நெட்டு மட்டும் ஸ்ட்ராங்கா இருக்கணும்பா. நம்ம சுவத்துல வைஃபை பூந்து வராது. ரூமுக்கு ரூம் கேபிள் போட்டுடுங்க" என்றாய். எட்டு பாயிண்ட் எங்கெங்கே வர வேண்டும் என்று படம் வரைந்து அனுப்பினாய், பாதிப் பணமும் அனுப்பினாய். அந்தப் படத்தை உன் அப்பா கடையில் கொடுத்துப் பெரிதாக எடுத்துவந்து கூடத்துச் சுவரில் ஒட்டினார். வந்தவர் போனவருக்கெல்லாம் அதைக் காட்டி விளக்கினார். பால் ஊற்றுகிறவரைக்கூட விடவில்லை. அந்த மனிதர் கேனைக் கையில் பிடித்தபடி, எட்டாவது பாயிண்ட் மாடியில் எந்த மூலையில் வருகிறது என்பதைக் கேட்டுவிட்டுத்தான் போனார்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து உனக்குத் தெரிந்த நெட்வொர்க் ஆளை அனுப்புகிறேன் என்றாய். அது சரியான யோசனை. ஆனால் உன் அப்பாவிடம் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. "பிள்ளையார்பாளையத்துல எத்தினி தறி வூட்டுக்கு லைட்டு போட்டவன் நானு. என் வூட்டுக்கு ஒயர் இழுக்க ஸ்ரீபெரும்புதூர்லேர்ந்து ஒருத்தன் வரணுமா?" என்று கேட்டார். ஓய்வில் இருந்த மனிதர் மறுபடியும் டெஸ்டரைச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டார். சுவருக்கு ஒரு காடி வெட்டி, அந்தப் பள்ளத்தில் ஒரு பைப்பைப் பதித்து, புதிய கரண்ட் ஒயரையும் உன் நெட் கேபிளையும் சேர்த்து அதே பைப்பில் இழுத்துவிட்டார். எதற்கு ஒரே சுவரை இரண்டு இடத்தில் புண்ணாக்க வேண்டும் என்பது அவருடைய நியாயம். கரண்ட் ஒயரை இழுக்கிற மாதிரியே பலம் கொடுத்து இழுத்தார். பூச்சு பூசி, பட்டி பார்த்து, பெயின்ட்டும் அடித்து முடித்தோம். கழிவறை வேலையைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம், இரண்டு வேலையும் ஒரே நேரத்தில் நடந்தால் வீடு தாங்காது என்று நான்தான் சொன்னேன்.

பங்குனிக் கடைசியில் கேபிள் முனைகளைப் பொருத்திச் சரிபார்க்க நீ அனுப்பிய ஆள் வந்தார். நல்ல மனிதர், முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்தார், காப்பி கொடுத்தபோது எழுந்து நின்று வாங்கினார். எட்டில் ஐந்து பாயிண்ட் வேலையே செய்யவில்லை. மீதி மூன்றும் வருவதும் போவதுமாக இருந்தன. ஒரு சுவிட்ச் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு அவர் அடுத்ததையும் திறந்து பார்த்தார். பிறகு, "ஐயா, தப்பா நெனைக்காதீங்க. கரண்ட்டும் இதுவும் ஒரே பைப்புல போவக்கூடாது. ஒரு அடியாவது தள்ளித் தனியா போவணும். மொத்தத்தையும் எடுத்துட்டுத்தான் போடணும்" என்றார். கேபிளும் மட்டமான ரகம், கடைக்காரர் ஏமாற்றியிருக்கிறார் என்றார். உன் அப்பா தலையை மட்டும் ஆட்டினார். அந்த மனிதர் பஸ் ஏறிப் போன பிறகு, ஆனைக்கும் அடி சறுக்கும் என்று ஆறுதலாகத்தான் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம். அன்றைக்கு முழுக்க அவர் என்னோடு பேசவில்லை.

சித்திரை பிறந்து நாலைந்து நாள் கழித்து உனக்கு அவர் போன் செய்தது நினைவிருக்கிறதா? ஸ்பீக்கரில் போட்டிருந்தார், நானும் பக்கத்தில்தான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். "தப்புப் பண்ணிட்டேன்பா. திரும்ப வெட்டணும். நீ வர்றதுக்கு ஒரு மாசம் லேட்டாவும், பரவால்லியா?" என்று கேட்டார். இத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து 'தப்புப் பண்ணிட்டேன்' என்று நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். உன் பக்கத்திலிருந்து சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று அவர் போனை எடுத்துப் பார்த்தார். அப்புறம் உன் குரல் வந்தது. "பண்ணுங்கப்பா" என்றாய். அவ்வளவுதான். அந்த மௌனத்தை நாங்கள் டவர் கோளாறு என்று நினைத்துக்கொண்டோம்.

கத்திரி வெயிலில் அவர் இரண்டாம் தடவை சுவரை வெட்டினார். வேறு யாரையும் தொடவிடவில்லை. நான் செய்த தப்பை நானே சரி செய்கிறேன் என்று ஒரே பிடிவாதம். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, கட்டிங் மெஷினைத் தூக்கிப் பிடித்து, ஏணியில் அரை நாள் நின்றார். இறங்கும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். சுண்ணாம்புத் தூசி சோற்றுப் பானை வரைக்கும் போனது. மூன்று வாரத்தில் வலது முட்டி வீங்கிப் போனது. புதுப் பைப்பு, நல்ல ரக கேபிள், மறுபடியும் பூச்சு, பட்டி, பெயின்ட் என்று எல்லாம் இரண்டாம் தடவை. நீ அனுப்பியது எப்போதோ தீர்ந்துவிட்டது. இன்னும் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. தன் தப்புக்கு மகனிடம் கையேந்துவதா என்று உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் நான் என் தப்பைச் செய்தேன். கழிவறைக்கு வைத்திருந்ததை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "கக்கூசு எங்க ஓடிப்போவுது? மொதல்ல புள்ள வரட்டும்" என்றேன். அதை ஒரு தியாகம் என்று நினைத்துக்கொண்டுதான் கொடுத்தேன். உண்மையைச் சொன்னால் அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. அடுத்த வாரம் நீ போனில், பாத்ரூம் முடிஞ்சுதாம்மா என்று கேட்டாய். முடிந்துவிட்டது என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

வைகாசி கருட சேவைக்கு நீங்கள் இருவரும் வந்தீர்கள். ஊருக்குள் கார் நுழைய முடியாமல் சுற்றிக்கொண்டு வந்தோம் என்று அலுத்துக்கொண்டாய். உன் அறையில் மேசையைத் துடைத்து, கேபிளின் நீல முனையை அதன்மேல் எடுத்து வைத்துவிட்டு, உன் அப்பா வாசலுக்கும் அறைக்கும் நடந்துகொண்டிருந்தார். எட்டு பாயிண்டும் இப்போது வேலை செய்தன. அதே நெட்வொர்க் மனிதர் வந்து பார்த்து, எங்கள் ஆட்கள்கூட இவ்வளவு சுத்தமாகப் போடமாட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதை உன்னிடம் எப்படித் தற்செயலாகச் சொல்வது போலச் சொல்லலாம் என்று அப்பா யோசித்து வைத்திருந்தார். நீ லேப்டாப்பை எடுத்தாய். இந்தப் பக்கம் திருப்பினாய், அந்தப் பக்கம் திருப்பினாய். "இதுல அந்த ஒயர் சொருகுற ஓட்டையே இல்லப்பா. தனியா ஒண்ணு வாங்கி மாட்டணும். விடுங்க, நான் போன் நெட்டுலயே பாத்துக்கிறேன்" என்றாய். "அதனால இன்னா, வாங்கிக்கலாம்" என்று அவர் சிரித்தார். பிறகு கூடத்துக்கு வந்து, நான் ஏற்கெனவே துடைத்து வைத்திருந்த சுவிட்ச் பெட்டிகளை ஒவ்வொன்றாக மறுபடியும் துடைத்தார்.

மறுநாள் காலை நீ எழுந்து பின்பக்கம் போனாய். நான்கு படி இறங்கினாய். திரும்பி வந்து கை கழுவினாய். நான் துண்டை நீட்டினேன். முடிந்துவிட்டது என்று நான் சொன்ன கழிவறை வீட்டுக்குள் எங்கே என்று நீ கேட்பாய் என்று, பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு துண்டைப் பிடித்தபடி நின்றேன். நீ துடைத்துக்கொண்டு, "இட்லிக்கு இன்னாம்மா சட்னி?" என்று கேட்டாய். உன் கண்ணில் படாமல் இருந்திருக்க முடியாது. வெட்டிய தடமில்லை, பைப்பு இல்லை, கதவு இல்லை. ஏன் கேட்கவில்லை என்று பல மாதம் யோசித்தேன். உனக்கு அக்கறை இல்லை என்றுதான் முடிவுக்கு வந்தேன். அப்படியில்லை என்று ஐப்பசியில்தான் தெரிந்தது. தெரிந்தது அதைவிடக் கசப்பாக இருந்தது.

ஆனியில் நீ போன் செய்து, கம்பெனி மறுபடியும் ஆபீசுக்கு வரச் சொல்கிறது, இன்னும் ஆறு மாதம் பார்க்கலாம் என்றாய். கம்பெனி கூப்பிட்டால் போகத்தான் வேண்டும். அதற்கு நான் உன்னைக் குறை சொல்லமாட்டேன். ஐப்பசியில் ஒரு நாள் விடியற்காலை நல்ல மழை. முட்டி வீக்கம் வடியாத காலோடு, குடையைப் பிடித்துக்கொண்டு உன் அப்பா பின்பக்கம் போனார். இரண்டாம் படியில் வழுக்கிவிட்டது. சத்தம் கேட்டு ஓடினேன். குடை தலைகீழாகக் கிடந்து மழைத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டிருந்தது. சேற்றில் கிடந்தபடியே, "நீ எறங்காத. அங்கயே நில்லு, வழுக்கிடப் போற" என்றார். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்துதான் தூக்கினார்கள். அந்த வாரம் உனக்கு ஆபீசில் ஏதோ முக்கியமான வேலை என்று சொல்லியிருந்தாய். அதனால் நான்கு நாள் உனக்குச் சொல்லாமல் வைத்திருந்தேன். தினமும் நீ கேட்டாய், அப்பா தூங்குகிறார் என்றேன். ஐந்தாம் நாள் சொன்னதும் அடித்துப் பிடித்து ஓடிவந்தாய். எல்லாவற்றையும் எழுதுகிறவள் இதையும் எழுத வேண்டும். அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, கை விரல் கால் விரல் இருபதுக்கும் நீ நகம் வெட்டிவிட்டாய். அப்போது அவர் முகத்தில் இருந்த நிம்மதியை நான் பார்த்தேன். பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்.

அன்றைக்குத்தான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் மனைவி என்னோடு பேசிக்கொண்டிருந்தாள். நல்ல பெண், கள்ளம் கபடம் தெரியாது. நீங்கள் இங்கேயே வந்திருந்தால் அந்த மழையில் ஒரு கை பிடிக்க ஆள் இருந்திருக்கும் என்று ஆற்றாமையில் நான் சொல்லிவிட்டேன். அவள், "எங்க வர்றது அத்தை? சித்திரை பொறந்த அன்னிக்கே ஆபீஸ்லேர்ந்து மெயில் வந்துடுச்சே, எல்லாரும் திரும்ப வரணும்னு. உங்ககிட்ட சொல்ல அவருக்கு மனசே வரல" என்றாள். எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னாள். சித்திரை பிறந்த அன்றைக்கு. உன் அப்பா, திரும்ப வெட்டட்டுமா என்று கேட்டது அதற்கு நாலைந்து நாள் கழித்து. வரமுடியாது என்று தெரிந்தே, பண்ணுங்கப்பா என்றாய். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அறுபத்து மூன்று வயதில் அவர் ஏணி ஏறினார். நான் துண்டை நீட்டிக்கொண்டு நின்றபோது நீ என்னை ஏன் கேட்கவில்லை என்றும் அப்போது புரிந்தது. என் பொய்யை நீ கிளறினால் உன் பொய்யை நான் கிளறிவிடுவேன் என்று பயந்திருக்கிறாய்.

அன்று எனக்கு வந்த ஆத்திரத்துக்கு உன்னை அங்கேயே நிற்க வைத்துக் கேட்டிருப்பேன். வாயை மூட வைத்தது உன் எட்டாம் வகுப்பு. அரைப் பரீட்சை நேரத்தில் ஒரு தறி வீட்டில் உன் அப்பாவுக்கு ஷாக் அடித்து, ஏணியிலிருந்து விழுந்து கை உடைந்தது. உன் படிப்பு கெட்டுவிடும் என்று உன்னை வாலாஜாபாத்தில் என் அக்கா வீட்டுக்கு அனுப்பினேன். அப்பா வெளியூர் வேலைக்குப் போயிருக்கிறார், அமைதியாக உட்கார்ந்து படி என்றேன். பரீட்சைக்குப் பஸ்ஸில் வந்து போனாய். எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது அவர் கையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தார். நீ அழவில்லை. என்னைப் பார்த்து, "இன்னும் இன்னா இன்னாம்மா சொல்லாம வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாய். நான் சிரித்து உன் தலையைத் தடவினேன். நீ எடுத்த மார்க்கைப் பார்த்து, எப்படிப் பையனுக்குத் தெரியாமல் சமாளித்தேன் பார் என்று தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன். ஒருவர் மேல் ஆசை இருந்தால் கெட்டதை அவரிடம் மறைக்க வேண்டும் என்று இந்த வீட்டில் உனக்குப் பாடம் நடத்தியவள் நான். நீ நன்றாகப் படித்தாய். எப்போதும் நன்றாகப் படிக்கிற பிள்ளைதானே நீ.

அதனால் இந்தக் கடிதத்தில் பாதித் திட்டு எனக்கு. மீதிப் பாதியை நீ வாங்கிக்கொள். 'வரமுடியலப்பா' என்று அன்றைக்குச் சொல்லியிருந்தால் உன் அப்பா ஒரு வாரம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருப்பார், அப்புறம் டீக்கடைக்குப் போய் உன் வேலையின் பெருமையைப் பேச ஆரம்பித்திருப்பார். அதைத் தாங்க மாட்டார் என்று நினைத்தாய். இப்போது எதைத் தாங்குகிறார் பார். பெட்பேன் வைத்துக்கொள் என்று சுலபமாகச் சொல்லிவிட்டாய். ஊரான் வீட்டுக்கெல்லாம் விளக்குப் போட்டுவிட்டு, ஒரு வாய் காப்பிகூடக் கேட்டு வாங்கிக் குடிக்காத மனிதர் அவர். நான் அந்தப் பெட்பேனை எடுத்துக்கொண்டு போகும்போது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறார். பத்து நாளாக ஒரு காரியம் செய்கிறார், உனக்கு அதைச் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டார். மாத்திரைக்கு ஒரு மடக்கு, அவ்வளவுதான். குடித்தால் போகவேண்டி வரும், போனால் நான் தூக்க வேண்டும் என்று அவருக்கு ஒரு கணக்கு. உதடு வெடித்துக் கிடக்கிறது. இப்படியே போனால் சிறுநீரகம் கெட்டுவிடும் என்று டாக்டர் நேற்று கண்டித்துச் சொன்னார். அவர் நடக்கிற பத்தடிக்குள் கழிவுக் குழாயைப் பின்னாலிருக்கும் தொட்டிக்கு இறக்கத்தில் கொண்டுபோக ஒரே ஓர் இடம்தான் இருக்கிறது. அது உன் அறை. உடைப்பதற்கு யாரைக் கேட்க வேண்டும் சொல்? இந்தத் தடவை என் வளையலை அடகு வைத்துச் செய்கிறேன். உன்னிடம் கேட்கவில்லை.

இனிமேல் உனக்கு நான் சொல்வதற்கு ஒன்றுதான் இருக்கிறது. முடியாததை முடியாது என்று சொல்லிவிடு. எங்களிடம் சொல், உன் மனைவியிடம் சொல், நாளைக்கு உனக்கொரு பிள்ளை பிறந்தால் அதனிடமும் சொல். அழுதால் அழட்டும். நானும் நேற்று வரை செய்த வேலையை விட்டுவிட்டேன். டாக்டர் சொன்னதை உனக்கு மறைக்கவில்லை. நீ மறைத்ததை உன் அப்பாவுக்கும் மறைக்கப் போவதில்லை.

மேலே உள்ளதை நேற்றுச் சாயங்காலம் எழுதினேன். எழுதி முடித்த கையோடு போய் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், சித்திரையில் வந்த மெயில் வரைக்கும். உன் அறையை நாளைக்கு உடைக்கிறார்கள் என்பதையும் சொன்னேன். இதுவரை அந்த அறையைத் தொடவே கூடாது, புள்ள வந்தால் எங்கே உட்கார்ந்து வேலை பார்ப்பான் என்று அவர்தான் தடுத்துக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாவம், எப்படிச் சொல்றதுன்னு முழிச்சிக்கினு இருந்திருப்பான்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் பாவம் என்றால் நாம் யார் என்று கேட்டேன். கொஞ்சநேரம் கழித்து என்னைப் பக்கத்தில் வரச் சொன்னார்.

"அந்தச் சுவத்துல கதவாண்ட கீழாக்கப் போறதுதான் நெட்டு பைப்பு. கரண்ட் லைனு அதுகிட்ட இல்ல. ரெண்டாவது வாட்டி ஒரு மொழம் தள்ளிப் போட்டுக்கிறேன். கொத்தனாரைப் பயப்படாம ஒடைக்கச் சொல்லு" என்றார்.

இன்று காலை கொத்தனார் வந்துவிட்டார். சுத்தியல் முதல் அடி விழும்போது நான் அவர் கட்டில் பக்கத்தில்தான் நின்றேன். ஒவ்வோர் அடிக்கும் கட்டில் லேசாக அதிர்ந்தது. நீலக் கேபிள்கள் சுவரிலிருந்து நரம்பு மாதிரி உருவிக்கொண்டு வந்ததை அவர் படுத்த இடத்திலிருந்தே தலையைத் தூக்கிப் பார்த்தார். எட்டும் வந்துவிட்டதா என்று கேட்டார். வந்துவிட்டது என்றேன். வேலை முடியப் பத்து நாள் ஆகுமாம், அதுவரைக்கும் நான் தூக்குகிறேன், வெட்கப்படாதீர்கள் என்று அவரிடம் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். பிறகு அவராகவே கையை நீட்டி, தண்ணி குடு என்றார். சொம்பு நிறையக் கொடுத்தேன். ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார்.

உன் அம்மா